ஏழரையைப் பிழிந்து பையில் போட்டுக் கொடுத்தவன்

பாவசங்கீர்த்தனத்தில் நான் இதுவரை சொன்ன பாவங்களில் பங்குத்தந்தை வாய்விட்டுச் சிரித்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலில் ஒரு இருமல் கேட்டது. அப்புறம் நாற்காலி ஆடும் சத்தம். அப்புறம், "தம்பி, போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா, நானும் குடிச்சிட்டு வரேன்" என்றார். திரும்பி வந்தபோது மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. அந்த அமளியில் பாவமன்னிப்பு கொடுக்க மறந்துபோனார். எனவே அந்தப் பாவம் இன்றுவரை என் தலையில்தான் இருக்கிறது.

பாவம் என்னவென்றால், தொலையாத ஒரு பொருளை அதன் சொந்தக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

நான் பிறந்தது செவ்வாய்க்கிழமை. எங்களுக்கு அது அந்தோணியார் கிழமை. அந்தோணியார் தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தருபவர். எங்கள் வீட்டில் கத்தரிக்கோல் காணோமென்றால் முதலில் அவருக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள், அப்புறம்தான் தேடவே ஆரம்பிப்பார்கள். எனக்கு அந்தோணி என்று பெயர் வைத்ததோடு அம்மா விட்டிருக்கலாம். "அவர் பேரை வச்சிருக்கோம், நாலு பேரு தொலைச்சதை எடுத்துக் குடுடா" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார். அது எனக்குள் ஒரு வியாதியாக இறங்கிவிட்டது. பூசை முடிந்து கோவில் வாசலில் கிடக்கும் குடைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். பிறகு சேலத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒரு டிரைவர் விட்டுப்போன டிபன் கேரியர் மூடியை ஓமலூர் வரை பைக்கில் துரத்திக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன். நசுங்கிவிட்டதென்று அவரே தூக்கிப்போட்ட மூடி அது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததாகத்தான் அன்றைக்கு நினைத்தேன்.

இப்படிப்பட்டவனை நம்பி ஸ்டெல்லா கழுத்தை நீட்டினாள். அவள் நர்ஸ். கல்யாணமான மறு வருஷம் அவளுக்குக் குமாரபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது. சேலத்திலிருந்து தினமும் பஸ். முதல் சில மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போய்வந்தாள். அப்புறம் வயிற்றில் குழந்தை வந்தது. பஸ் சங்ககிரி தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி. ஐந்தாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் ராத்திரி வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னால முடியலைங்க" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதே இல்லை.

அந்த வாரமே குமாரபாளையத்தில் வீடு தேட ஆரம்பித்தோம். நான் வேலைக்குச் சேலம் போய்வந்தால் போகிறது, அவள் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகட்டும். ஒரு வீட்டில் எங்கள் பெயர்களைக் கேட்டதுமே, "ஊட்டுல கறி காச்சுவீங்களா?" என்றார்கள். உண்மையைச் சொன்னோம். இன்னொரு வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடிற்று. பேசினது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. மூன்றாவது வீட்டில் எல்லாம் சரி, நாய்க்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை. நான்காவதாகக் கிடைத்தது ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடையில் ஒரு மாடி வீடு. காற்றோட்டம், தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போட மொட்டைமாடி. ஸ்டெல்லா டியூட்டி முடிந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் தறிப்பட்டறை வைத்திருப்பவர், அன்றைக்கு அவர் இல்லை. அவர் மனைவி சரசக்காதான் சுற்றிக் காட்டினாராம்.

"உங்களுக்கு ஊடு புடிச்சாப் போதாது கண்ணு, அவருக்கு உங்களைப் புடிக்கோணும். சனிக்கெழமை பதினோரு மணிக்கு உங்க ஊட்டுக்காரரைக் கூட்டியாங்க. காத்தால இவருக்கு ஒரு சோலி இருக்குது, முடிச்சுப்போட்டு வந்துருவாரு. ஞாயித்துக்கெழமை ஒரு பேங்க்காரரு வேற பாக்க வாராரு, பாத்துக்கங்க."

பேங்க்காரருக்கு எதிராக லாரி ஆபீஸ் கிளார்க். நான் ஆயுதங்களோடு புறப்பட்டேன். புது நீலச் சட்டை, மடிப்புக் கலையாத பேண்ட், புதுச் செருப்பு. சட்டைப்பையில் பங்குத்தந்தை எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதம். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: 'குறிப்பாக அந்தோணி, பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர்.'

சனிக்கிழமை பஸ் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிட்டது. மணி எட்டரை. இட்லி சாப்பிட்டும் நேரம் மிச்சம்.

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க. ஆத்தோரமா மெதுவா நடப்போமா?" என்றாள் ஸ்டெல்லா.

ஆற்றோரமாக மெதுவாக நடப்பது சேலத்துக்காரர்களுக்குப் பழக்கமில்லாத விஷயம். எங்கள் ஊருக்குள்ளும் ஒரு ஆறு உண்டு. பெயர் திருமணிமுத்தாறு. பெயரைக் கேட்டால் கரையில் பாய் விரித்துப் படுக்கலாம் போலிருக்கும். ஆனால் நாங்கள் அதைக் கடப்பது மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஓட்டமும் நடையுமாகத்தான். (அந்தப் பாலத்தில் நின்று யாராவது பேச்சுக் கொடுத்தால் அவர் வெளியூர் என்று அர்த்தம்.) காவிரிக் கரைக்கு வந்தும் முதல் ஐம்பது அடியை நான் அதே வேகத்தில் நடந்துவிட்டேன். "ஏங்க, இங்க மூச்சு விடலாம்" என்று ஸ்டெல்லா பின்னாலிருந்து சொன்ன பிறகுதான் கைக்குட்டையைப் பைக்குள் வைத்தேன்.

ஆறு நிறையத் தண்ணீர். அக்கரையில் பவானி வெயிலில் பளிச்சென்று இருந்தது. ஒரு பரிசல் போகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. படித்துறையில் ஒரு போர்டு: 'ஆற்றில் துணிகளை விடாதீர்கள்.' அந்தப் போர்டின் மேலேயே ஒரு துண்டு தொங்கியது. படியோரம் அங்கங்கே வேட்டி, சட்டை, சேலை என்று ஈரத்தோடு கிடந்தன. சலவைத் துணி என்று நினைத்துக்கொண்டேன். துவைப்பவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதது என் மூளைக்கு எட்டவில்லை.

ஸ்டெல்லா ஒரு கொய்யாக்காய் வாங்கி, மிளகாய்ப்பொடி தடவி, மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் ரிட்டயரான ஜட்ஜ் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாக உலாத்தினேன். அப்படிக் கொஞ்ச நேரம் ஒழுங்காக உலாத்தியிருந்தால் எங்களுக்கு எந்தக் கேடும் வந்திருக்காது.

ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும், கொஞ்சம் பருமனான ஒருவர் சட்டை வேட்டியோடேயே ஆற்றில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். படியேறினார். உலர்ந்த வேட்டி சட்டைக்கு மாறினார். ஈரத் துணிகளையும், பளபளவென்று புத்தம் புதிதாக இருந்த ஒரு ஜோடி தோல் செருப்பையும் கடைசிப் படியில் தண்ணீர் தொடும்படி வைத்தார். ஒரு கும்பிடு போட்டார். வெறுங்காலோடு விறுவிறுவென்று நடந்தார்.

செருப்பை மறந்துவிட்டார்!

எனக்குள் இருந்த அந்தோணி விழித்துக்கொண்டான். "ஐயா! செருப்பு!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. நடை மட்டும் கொஞ்சம் வேகமானது.

பாவம், காது மந்தம். ஓடிப்போய்ச் செருப்பை எடுத்தேன். துணியையும் விட மனசு வரவில்லை. வேட்டியை முறுக்கிப் பிழிந்தேன், சட்டையைப் பிழிந்தேன் (காலரைத் தனியாகப் பிழிந்தேன், செய்வதைத் திருந்தச் செய்யவேண்டுமல்லவா), என்னிடமிருந்த மஞ்சப்பையில் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு துரத்தினேன். "ஐயா! நில்லுங்க! உங்க துணி!"

அவர் ஓட ஆரம்பித்தார்.

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஒரு பெரிய மனிதர், தலையை ஒரு நூல்கூடத் திருப்பாமல், கழுத்தில் கட்டை வைத்துக் கட்டினமாதிரி விறைப்பாக, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். பின்னால் நான் ஒரு மஞ்சப்பையோடு. குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "அவரை உடு சாமீ!" என்று கூவினார். இன்னொருவர், "திரும்பிறாதீங்க, அப்படியே போங்க!" என்று அவருக்குக் குரல் கொடுத்தார். மரத்தடியிலிருந்து ஸ்டெல்லா கொய்யாக்காயை ஆட்டி ஆட்டி, "ஏங்க! வேணாங்க! வாங்க இந்தப் பக்கம்!" என்று கத்தினாள். ஆஸ்பத்திரியில் வேலை செய்து அந்த ஊர் வழக்கம் அவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. ஓமலூர் வரை துரத்தியவனுக்கு ஒரு படித்துறை எம்மாத்திரம்?

ரோட்டோரம் அவருடைய மொபெட் நின்றது. அதன்மேல் கை வைத்து, இடுப்பைத் தடவினார், சட்டைப்பையைத் தடவினார். சாவி இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, சாவி ஈரச் சட்டையில் இருக்கிறது! நான் துரத்தி வந்தது எவ்வளவு நல்லதாயிற்று! அவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், மூச்சிரைக்க, பையை அவர் கையில் திணித்தேன்.

"உங்க சாமான் எல்லாம் இதுல இருக்குதுங்க. சாவியும் இதுலதான் இருக்கும்."

அவர் பைக்குள் பார்த்தார். கண்களை இறுக மூடிக்கொண்டார். ஏதோ கெட்ட சேதி கேட்டவர்போல மொபெட் சீட்டில் சாய்ந்தார்.

"யாரு சாமி நீ?"

"அந்தோணிங்க. சேலம்" என்றேன், பெருமையாக.

"சாமி, ஏழரை வருசமுங்க. ஏழரைச் சனி. தறி மோட்டாரு மூணு வாட்டி பொகைஞ்சு போச்சு. கால் வழுக்கி உழுந்து மூணு மாசம் படுத்துக் கெடந்தேன். சோசியரு, சனி முடியற நேரம், கட்டுன துணியோட முழுகி, துணியையும் செருப்பையும் ஆத்துலயே உட்டுப்போட்டுத் திரும்பிப் பாக்காம ஊடு போய்ச் சேருன்னாரு. உட்டேன். நீ அந்த ஏழரையைத் தண்ணி போகப் புழிஞ்சு, பையில போட்டுக் கொண்டாந்து என்ற கையிலயே குடுக்கறே."

பையைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவர் பையை மொபெட் சீட்டில் வைத்துவிட்டு போனை எடுத்தார். "சரசு, அந்தச் சேலத்துக்காரங்களை இன்னைக்கு வரவேண்டாம்னு சொல்லிப்போடு. நேரஞ் செரியில்லை."

சரசு. சேலத்துக்காரர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் பின்னால் ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து சேர்ந்தாள். அவள் போன் அடித்தது. அவளுக்கு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசித்தான் பழக்கம்.

"கண்ணு, நாந்தான் சரசு. இன்னைக்கு வரவேண்டாம் கண்ணு. இவரு ஆத்துல எவனோ ஒரு பைத்தியக்காரங்கிட்ட மாட்டிக்கிட்டாரு போல, கொரலே செரியில்லை."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். மஞ்சப்பையைப் பார்த்தாள். அதிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள்.

"ஆமாங்கக்கா. நானும் அவரைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றாள்.

வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். எனக்கு மனதில் ஓடியதெல்லாம் திங்கட்கிழமை காலை பஸ்தான். சங்ககிரி தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி, பிரசவம் வரைக்கும், அதற்கப்புறமும். உலகத்தில் இத்தனை பேர் படித்துறையில் துணி விடுகிறார்களே, நான் எடுத்துப் பிழிவதற்கு இவர் வேட்டிதானா கிடைத்தது? அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

"ஐயா, எனக்குத் தெரியாதுங்க. மறந்துட்டுப் போறீங்கன்னு நெனைச்சேன். இவளுக்கு முடியலைங்க, பஸ்ஸுல..." என்று குளறினேன்.

அவர் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் கண் ஸ்டெல்லாவின் வயிற்றுக்குப் போனது, அங்கிருந்து என் கைகளுக்கு வந்தது. முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க அம்மிணி, நீங்க கொஞ்சம் அக்கட்டால தள்ளி நில்லுங்க. சாமி, அதை ரெண்டு கையிலயும் தொட்டுப்போட்டியே! புள்ளத்தாச்சிப் பொண்டாட்டியை வெச்சுக்கிட்டு இப்படியா? அது இப்ப உன்னையப் புடிச்சுக்குமே!"

அவருக்குத் தன் ஏழரையைவிட அது எனக்கு ஒட்டிக்கொள்ளுமே என்பதுதான் பெரிய கவலையாகிவிட்டது. அப்போதே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. சோசியருக்குப் போன் போட்டார்.

"சோசியரே, ஆத்துல உட்டதை ஒரு தம்பி எடுத்துக் கொண்டாந்து குடுத்துப்போட்டாருங்க."

"யாரு?"

"கிறிஸ்துவத் தம்பிங்க. சேலம்."

"அவரு ராசி என்னங்க?"

"தம்பி, ராசி என்ன?"

"தெரியாதுங்க. செவ்வாய்க்கிழமை பொறந்தேன்."

"செவ்வாயா!" என்றது போன். அதற்கப்புறம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. கடைசியில் தீர்ப்பு வந்தது. குடுத்தவர், வாங்கினவர் இரண்டு பேரும் கட்டின துணியோடு முழுகவேண்டும். இரண்டு பேரும் துணி, செருப்பு எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீடு போய்ச் சேரவேண்டும்.

"மொபெட்டுச் சாவி அந்தச் சட்டையில இருக்குதுங்க, சாவியை மட்டும் எடுத்துக்கலாமுங்களா?"

"சாவி இரும்புதானுங்க?"

"ஆமாங்க."

"இரும்பு சனி பகவானுக்கு உகந்ததுங்க. உட்டுருங்க."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஞானஸ்நானம் வாங்கினவன் இப்படி முழுகலாமா என்று எனக்குள் ஒரு கேள்வி. (பின்னால் ஃபாதரிடம் இதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.) ஸ்டெல்லாவுக்கு அப்படி ஒரு கேள்வியும் இல்லை.

"போய்க் குளிச்சிட்டு வாங்க. ரெண்டு பேருக்கும் மாத்துத்துணி நான் வாங்கிட்டு வரேன்" என்று எங்கள் இரண்டு பேர் போனையும் என் பர்ஸையும் பிடுங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள். குமாரபாளையத்தில் எது கிடைக்காவிட்டாலும் லுங்கி கிடைக்கும். பச்சைக் கட்டம் போட்ட இரண்டு லுங்கி, இரண்டு வெள்ளைத் துண்டு, எல்லாம் ஒரே ஜோடியாகக் கொண்டுவந்தாள். (வேறு கலரே இல்லை என்று கடைக்காரர் சொன்னாராம். இன்றுவரை நான் நம்பவில்லை.)

புது நீலச் சட்டையோடு காவிரியில் இறங்கினேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் கழுத்தளவில் நின்றார். அவர் பெயர் குழந்தைவேலு என்பதே அந்தத் தண்ணீரில் நின்றபோதுதான் தெரிந்தது.

"நல்லா நெனைச்சுக்கிட்டு முழுகு சாமி. எது உன்னை உட்டுப் போகோணுமோ அதைய நெனை."

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'அந்தோணியாரே, என் வியாதியை இந்த ஆற்றில் விடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து கண்டுபிடித்துத் தந்துவிடாதேயும்' என்று வேண்டிக்கொண்டு மூன்று தடவை முழுகினேன். மூக்கில் தண்ணீர் ஏறியது.

லுங்கிக்கு மாறி, நீலச் சட்டையையும் பேண்டையும் புதுச் செருப்பையும் படியில் வைத்தேன். பக்கத்தில் அவருடையவை, இன்றைக்கு இரண்டாம் தவணையாக. மஞ்சப்பையும் அதோடு சேர்ந்தது. கும்பிட்டோம், நடந்தோம். போர்டின் பக்கம் நான் பார்க்கவில்லை, வெட்கமாக இருந்தது.

பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து ஸ்டெல்லாவின் குரல். "ஏங்க! சட்டைப்பையில ஃபாதர் குடுத்த லெட்டர்!"

என் கால்கள் நின்றுவிட்டன. இந்த வீட்டுக்காக வாங்கின கடிதம். ஃபாதர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதினது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

"திரும்பாதே!" என்று உறுமினார் குழந்தைவேலு ஐயா. "நட! வேகமா நட!"

ஓடினோம். அவர் ஏன் அப்படிக் கழுத்தை விறைத்துக்கொண்டு ஓடினார் என்பது அந்த நிமிஷம் எனக்கு முழுசாகப் புரிந்தது. பின்னாலிருந்து ஒருத்தர் உங்கள் பொருளை நீட்டிக்கொண்டு கூப்பிடும்போது திரும்பாமல் போவது லேசான காரியமில்லை.

மொபெட்டை நான் பின்னாலிருந்து தள்ள, அவர் முன்னால் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, லாக் போட்டிருக்கவில்லை.

"என்ன லெட்டரு அது?" என்று முன்னால் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாங்க நல்ல குடும்பம்னு எங்க ஃபாதர் எழுதிக் குடுத்ததுங்க. உங்ககிட்டக் காட்டறதுக்கு."

"எதுக்கு? ஒருத்தன் வேட்டியை ஒருத்தன் புழிஞ்சு குடுத்தாச்சு. அதுக்கு மேல என்ன லெட்டரு?"

பஜார் வழியாகப் போனோம். ஒரே மாதிரி பச்சை லுங்கி, வெறும் உடம்பில் ஒரே மாதிரி துண்டு, செருப்பில்லாத கால், ஓடாத மொபெட். தார் ரோடு சுட்டது, நான் நண்டுபோலத் தத்தித் தத்தி நடந்தேன். டீக்கடையிலிருந்து யாரோ, "ஏனுங்க, பெட்ரோல் தீந்து போச்சுங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்று திரும்பாமலே பதில் சொன்னார் ஐயா. எங்களுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் விட்டு விட்டு ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க முடியாவிட்டாலும் அது யாருடைய சிரிப்பென்று எனக்குத் தெரியும். அவள் அப்படிச் சிரித்து மூன்று மாதமாகியிருந்தது.

வாசலில் சரசக்கா நின்றார். முதலில் புருஷனைப் பார்த்தார், அப்புறம் என்னை, அப்புறம் இரண்டு லுங்கியையும்.

"இது யாருங்க?"

ஐயா மொபெட்டை ஸ்டாண்ட் போட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மேல் ஊட்டுக்காரரு" என்றார்.

"அப்ப நாளைக்கு வார பேங்க்காரரு?"

"அவரு என்னோட முழுகலையே."

அடுத்த வாரமே குடிவந்தோம். ஸ்டெல்லா நடந்து வேலைக்குப் போனாள். எங்கள் ரோஸி அந்த மாடியில்தான் பிறந்து வளர்ந்தாள். சரசக்கா அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை. முதல் வருஷமே தறி மோட்டார் இன்னொரு தடவை புகைந்தது. அன்றைக்குப் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "ஏனுங்க, ஏழரைதான் போயிருச்சுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டார். ஐயா மேலே கையைக் காட்டினார். "எங்க போச்சு? ஆத்துல உட்டுப்போட்டு வந்தேன். பின்னாலயே தொரத்திக்கிட்டு வந்து மாடியில குடியேறிருச்சு." அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை, 'ஏழரையைப் பிழிந்து பையில் போட்டுக் கொடுத்தவன்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். ரோஸி பள்ளிக்கூடத்தில், 'என் அப்பா' என்று நாலு வரி எழுதச் சொன்னபோது முதல் வரியாக இதையே எழுதிவைத்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

என் வியாதி? பாதி போனது. பஸ்ஸில் யாராவது குடையை விட்டுவிட்டு இறங்கினால் ஸ்டெல்லா இன்னும் என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறாள்.

இந்த வருஷம் மூன்று தெரு தள்ளிச் சின்னதாக ஒரு சொந்த வீடு கட்டிக்கொண்டு போனோம். சாமானெல்லாம் ஏற்றியாயிற்று. கடைசியாக நான் மட்டும் திரும்பிப் போய், என் பழைய செருப்பை மாடிப்படியின் கீழே வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஸ்டெல்லா கேட்டாள். "யாராவது எடுத்துக்கிட்டு வரட்டுமேன்னுதான்" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை காலை நான் தண்ணீர்க் குடத்தோடு புது வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன். பின்னால் மொபெட் சத்தம் கேட்டது.

"அந்தோணீ! செருப்பை உட்டுப்போட்டு வந்துட்டியே சாமி!"

நான் திரும்பவில்லை. குடத்தை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஓடினேன். அவர் மஞ்சப்பையோடு பின்னால் வந்தார், இந்த வயதில், மூச்சிரைக்க. ரோஸி ஜன்னலில் நின்று கைதட்டினாள். கிணற்றோரம் என்னால் அதற்குமேல் ஓட முடியவில்லை. திரும்பிவிட்டேன்.

அவர் பையை என் கையில் திணித்தார். மூச்சு வாங்கும்வரை நின்றார்.

"எண்ணிப் பாத்தியா சாமி? நீங்க என்ற மாடியில இருந்தது ஏழரை வருசம்" என்றார். "அவனவன் ஏழரை முடிஞ்சா சந்தோசப்படறான். என்ற ஊட்டுல சரசு உக்காந்து அழுவறா."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் மொபெட்டின் பின்னால் ஏறினேன்.